நண்டுப்பள்ளத்தைச் சுற்றிப் போன ரயில்

தம்பி,

நீ அனுப்பிய அழைப்பிதழ் போன திங்கட்கிழமை கூரியரில் வந்து சேர்ந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து, நடுவில் புகை விடும் எஞ்சின் படம். விஜயதசமி அன்று காலை ‘ராயல் கர்வ் நகர்’ மனைப்பிரிவுத் திறப்பு விழா, தலைமை என்று என் பெயர். அதற்குக் கீழே, ‘வெள்ளைக்காரன் ரயிலையே வளைத்த குடும்பத்தின் மண்ணில் உங்கள் வீடு’ என்று ஒரு வரி. உன் அம்மா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள், சாமி படத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். நான் அதை எடுத்து வந்து மேஜையில் போட்டுக்கொண்டு நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரித்துத் தொடங்க எனக்குக் கை வரவில்லை. எனக்கு உன் மேல் அடங்காத கோபம். நாற்பது வயது தாண்டிய பிள்ளையை என் மகன் என்று நாலு பேரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதை உன்னிடம் ஒளிக்க நான் விரும்பவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நகல் எடுத்து, உன்னிடம் மனை வாங்கிய பதினோரு குடும்பத்துக்கும் கொடுக்கப் போகிறேன். ஸ்டேஷன் ஸ்டாப் நிழற்குடையில், உன் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று ஒட்டுவேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் விளக்கித்தான் எழுதுவேன். பொறுமையில்லாதவன் நீ, சின்ன வயதிலிருந்தே கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவன். இதை மட்டும் வரிசையாகப் படி.

மாயவரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் நம் ஊர்ச் சாலை ஒரு காலத்தில் ரயில் பாதை, மீட்டர் கேஜ். நான் சர்வேயர் வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து ரயிலை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வெகு காலம் வெறும் கரையாகக் கிடந்தது. பிறகு அந்தக் கரை மேலேயே தார் போட்டார்கள். ஸ்டேஷன் கட்டடம் இடிந்து, செங்கல்லும் ஒவ்வொன்றாக ஊருக்குள் போய்விட்டது. ஆனாலும் பஸ் நிற்கும் இடத்துக்கு இன்றும் ஸ்டேஷன் ஸ்டாப் என்றுதான் பெயர். அங்கிருந்து கிளம்பினதும் பஸ் ஒரு பக்கமாகச் சாயும். புதிதாக வருகிறவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பார்கள். நேரே பரந்த வெளி. ஆறு கிடையாது, குளம் கிடையாது, கோயில் கிடையாது. சாலை மட்டும் காரணமே இல்லாமல் அரிவாள் மாதிரி வளைந்து, அந்த வெளியைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி பழைய திசையைப் பிடிக்கும். வளைவில் ரயில் கவிழாமல் இருக்க வெளிப்பக்கத்தை உயர்த்திக் கட்டியிருந்தார்கள், தார் போட்டவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ரயில் போய் இத்தனை வருஷம் ஆகியும், பஸ் அந்த ரயிலுக்காகச் சாய்ந்துகொண்டிருக்கிறது.

அந்த வெளிக்கு ஊரில் பெயர் நண்டுப்பள்ளம். நம் நிலம். நீ இப்போது ராயல் கர்வ் என்கிறாய்.

ரயில் ஏன் வளைந்தது என்பதற்கு நம் வீட்டில் ஒரு கதை உண்டு. உன் கொள்ளுத்தாத்தா, அதாவது என் தாத்தா, பெரிய மிராசுதார். பாதை போட வந்த வெள்ளைக்கார என்ஜினீயர் நம் நிலத்தின் நடுவே கோடு கிழித்தான். தாத்தா வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் போய் இறங்கி, ‘என் வயலில் ஒரு நெற்கதிர் சாய்ந்தாலும் உன் ரயில் ஓடாது’ என்றார். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, பாதையை வளைத்துக்கொண்டு போனான். இதை என் அப்பா எனக்குச் சொன்னார். நான் உனக்குச் சொன்னேன். அப்பா சொன்னபோது குதிரை இல்லை, மாட்டு வண்டிதான். குதிரையைப் பூட்டினவன் நான். அதற்கு வெள்ளை நிறம் நீ கொடுத்தது என்று நினைக்கிறேன், எதற்கும் உன் அம்மாவைக் கேட்டுக்கொள்.

உனக்குப் பெண் பார்க்கப் போன அன்று சென்னையில் உன் மாமனார் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பெரிய இடம். நாற்காலியின் கைப்பிடியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார், உங்க ஊர்ல என்ன விசேஷம் சம்பந்தி என்று. பாதி நிலம் விற்றாகிவிட்டது, மீதியில் நெல் விளைந்தால் உண்டு, நான் ரிடையரான ஒரு பிர்க்கா சர்வேயர். ரயில் கதையை எடுத்துவிட்டேன். அவர் வாய் பிளந்து கேட்டார். கல்யாண ரிசப்ஷனில் அவரே மைக்கைப் பிடித்து, ரயிலை வளைத்த குடும்பத்தில் பெண் கொடுக்கிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். இந்தக் கூத்துக்கு அன்றைக்குத்தான் பிள்ளையார் சுழி போட்டோம், இரண்டு பேருமாக.

இப்போது உண்மை. என் அப்பா காரியம் முடிந்த மறுநாள் பத்திரப் பெட்டியைத் திறந்தேன். பட்டா, கிஸ்தி ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் இங்கிலீஷில் ஒரு மனுவின் நகல் இருந்தது, அதற்கு வந்த பதிலும் பின் குத்தி இருந்தது. தாத்தா மாயவரத்து வக்கீல் ஒருவரைப் பிடித்து எழுதியிருக்கிறார். ரயிலைத் தடுப்பதற்கு இல்லை. நண்டுப்பள்ளம் வழியாகவே ரயில் விட வேண்டும், அந்த நிலத்தை ரயில்வேக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் பாதி வருஷம் தண்ணீர் நின்று குடித்தனக்காரன் ஒருவனும் குத்தகைக்கு வரமாட்டேன் என்கிறான், துரையவர்கள் தயவு செய்ய வேண்டும் என்று கெஞ்சி எழுதியிருக்கிறார். கீழே தாத்தாவின் பெரிய கையெழுத்து. பதில் இரண்டே வரி. குறிப்பிட்ட நிலம் பாதைக்கு உகந்ததல்ல, பாதையை மேட்டுத் திடலை ஒட்டி வேறாகக் குறித்தாகிவிட்டது. அவ்வளவுதான். உன் கொள்ளுத்தாத்தா அந்தப் பள்ளத்தை ரயில் தலையில் கட்டப் பார்த்தார். ரயில் வாங்கிக்கொள்ள மறுத்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலாக மடித்துப் பெட்டியின் அடியிலேயே வைத்தேன், கதையை மட்டும் தொடர்ந்து சொல்லிவந்தேன். உன் மாமனார் வீட்டில் சொன்னபோது அந்தக் காகிதம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. என் தப்பு அது. உன் தப்புக்கு வருகிறேன்.

சர்வே வேலையில் அந்தப் பழைய பாதை நெடுக எத்தனையோ தடவை சங்கிலி இழுத்திருக்கிறேன். புலப்படத்தில் ரயில்வே நிலத்தைப் பார்த்தால் எலி விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கும். ஒல்லியாக வந்து, ஸ்டேஷன் இருந்த இடத்தில் மட்டும் வயிறு புடைத்து, மறுபடி ஒல்லியாகும். அநேகமாக ஒவ்வொரு வயிற்றுக்கும் பக்கத்தில் ஒரு கோணல். ஓர் ஊரில் பாதை ஊரை விட்டு விலகி, பிளாட்பாரம் ஊருக்கு முதுகு காட்டி இருக்கும். இன்னோர் ஊரில் பிளாட்பாரமே வளைந்திருக்கும், ஏறுகிறவர் காலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் விழுகிற சந்து. எங்கே கேட்டாலும் ஒரு மிராசுதார் இருப்பார். எங்க பெரியவர் ஒரு பார்வை பாத்தாரு, பாதை திரும்பிடுச்சு என்பார்கள். சில ஊரில் பார்வையே போதும், சில ஊரில் சவுக்கு வேண்டியிருந்திருக்கிறது. நான் லெவல் எடுத்துப் பார்த்த இடங்களில் எல்லாம் ஒரே காரணம். பாதை போட்ட என்ஜினீயர் மேட்டிலிருந்து மேட்டுக்குப் போயிருக்கிறான். தண்ணீர் நிற்கும் இடத்தைத் தொடாமல், திடல் திடலாகத் தேடிக் கால் வைத்திருக்கிறான். நம் நண்டுப்பள்ளம் பக்கத்துத் திடலை விட ஓர் ஆள் உயரம் தாழ்வு. பாதை போட்டவன் இந்த ஊர்க்காரன் இல்லை, தமிழ் தெரியாது, காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் இல்லை. அவனுக்குத் தெரிந்த பயம் உனக்கு இல்லை.

உனக்குத் தெரியாது என்று சொல்லி என் காதில் பூச்சுற்றாதே. உனக்குப் பத்து வயது இருக்கும். ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் அடித்தது மழை. ஆறாம் நாள் காலை உன்னைக் காணோம் என்று உன் அம்மா தேடிப் போனாள். நீ வாழைமரம் நாலை ஒன்றாகக் கட்டித் தெப்பம் செய்து, நண்டுப்பள்ளத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாய். உன் கையில் இருந்த மூங்கில் கழி தரையைத் தொடவில்லை. அவள் ரயில் கரை மேல் நின்று கத்தினாள். நான் ஓடி வந்து பார்த்தேன். தண்ணீரின் விளிம்பு எங்கே முடிந்தது தெரியுமா? ரயில் கரை எங்கே வளைந்ததோ அங்கே. அந்த அரிவாள் வளைவு, முனையிலிருந்து பிடி வரை, தண்ணீரின் ஓரத்தை ஒட்டியே போயிற்று. அதுவரை காகிதத்தில் படித்திருந்தேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். உன்னைக் கரையேற்றி இரண்டு அறை விட்டேன். பிறகு உனக்குச் சூடாகக் காபி வாங்கிக் கொடுத்து, அழுகையை நிறுத்துவதற்காக மறுபடி அந்தக் கதையைத்தான் சொன்னேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வளைவில் ஒரு பாலம் உண்டு, மூன்று கண் வைத்தது. கோடையில் பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள், சுண்டுவிரல் தடிமன் வாய்க்காலுக்கு இவ்வளவு பெரிய பாலமா என்று. மேலே நூறு வேலி நிலத்துத் தண்ணீர் நண்டுப்பள்ளத்தில் இறங்கி, அந்த மூன்று கண் வழியாகத்தான் வடிகாலுக்குப் போக வேண்டும். மூன்றும் திறந்திருந்த வருஷத்திலேயே நீ தெப்பம் விட்டாய். இப்போது சாலையிலிருந்து மனைக்கு லாரி இறங்க வழி வேண்டும் என்று இரண்டு கண்ணை மண் கொட்டி அடைத்திருக்கிறாய். அந்த மண் மேல் சிமென்ட் ஆர்ச் நிற்கிறது, அதன் உச்சியில் ஒரு ரயில் பொம்மை. மார்க்கெட்டிங் படித்தவன், தெரியாமல் செய்திருப்பான் என்று முதலில் உன் அம்மாவிடம் உனக்காகப் பேசினேன். பிறகு போனில் உன்னிடமே கேட்டேன். நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“அப்பா, அதெல்லாம் அந்தக் காலத்துத் தண்ணி. நாலடி மண்ணடிச்சா முடிஞ்சுது. நீங்க வந்து கதைய மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

அந்தக் காலத்துத் தண்ணீராம். நண்டுப்பள்ளத்தில் மண் கொட்டினால் தண்ணீர் உன் விளம்பரத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமா? அந்த நிலத்தில் மடுமுழுங்கி நெல் தவிர எதுவும் நின்றதில்லை, அதுவும் தண்ணீர் ஏற ஏறத் தானும் வளர்ந்து தப்பிக்கிற ஜாதி என்பதால் நின்றது. செங்கல் சுவர் வளருமா? உன்னிடம் மனை வாங்கிய பதினோரு பேரில் உள்ளூர்க்காரன் ஒருவன் உண்டா என்று எண்ணிப் பார். ஒருவரும் இல்லை. எல்லோரும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, இங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அவர்கள் டீக்கடையில் விசாரித்தால் நம் ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சர்வேயர் ஐயா நிலம், அவரையே கேட்டுக்கங்க என்றார்கள். நம் மேல் உள்ள மரியாதையில் ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. அதை வைத்துத்தான் நீ விற்றிருக்கிறாய்.

அப்படிக் கேட்க வந்தவள் கலா. குத்தாலத்துப் பக்கத்துப் பெண், நம் ஊர் அங்கன்வாடியில் வேலை. புருஷன் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன், வருஷத்தில் பாதி நாள் வெளியூரில் கிடப்பான். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் வெள்ளரிப்பிஞ்சு ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“மனசுல பட்டதக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அந்த எடத்துல தண்ணி நிக்குமா?”

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று போதும். முப்பது வருஷம் ஊர்ப்பட்ட நிலத்துக்கு மேடு பள்ளம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆமாம் என்றால் உன் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் ஆவேன், இல்லை என்றால் பொய்யனாவேன். அதனால் இரண்டையும் சொல்லாமல் அவளுக்கு அந்த ரயில் கதையைச் சொன்னேன். அரை மணி நேரம், குதிரையோடு, தொப்பியோடு. உன் அம்மா காபி கொண்டுவந்தாள். வெள்ளைக்காரனே மரியாதை கொடுத்த மண்ணு என்று முடித்தேன். அவள் மனம்விட்டுச் சிரித்தாள். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளரிப்பிஞ்சை உப்பு மிளகாய்த்தூள் தொட்டு நான்தான் தின்றேன்.

ஆவணியில் கலா வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். மூன்றாவது அடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது, அது கோடை முடிந்து ஒரு மழைகூடப் பெய்யாத சமயம். கொத்தனார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தோண்டிய பள்ளத்தின் சுவரில் வரிசையாக நண்டு வளை. நீ கொட்டிய கிராவலைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. கலா போனில் உன்னிடம் கேட்டாளாம். மோட்டார் வைத்து இறைத்துவிட்டுக் காங்கிரீட் போடச் சொன்னாயாம். போட்டார்கள். அதன் மேல் செங்கல் எழும்பி இப்போது தரைமட்டம் வந்திருக்கிறது. உன் விழா நாளிலேயே அவள் வீட்டுக்கு நிலை வைக்கவும் நாள் குறித்திருக்கிறாய், வந்தவர்கள் பார்க்க ஒரு வீடாவது எழும்பி நிற்க வேண்டும் அல்லவா. அதற்கு அடுத்த வாரம் ஐப்பசி மழை. நம் ஊர் மழைக்கு அழைப்பிதழ் வைக்கத் தேவையில்லை.

நீ உன் வீட்டை எங்கே கட்டப்போகிறாய்? அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. படம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாயே, போர்ட்டிகோ, மொட்டை மாடி, மாடியில் ஊஞ்சல். நண்டுப்பள்ளத்தில் கார்னர் மனை உனக்கு என்று ஒதுக்கிக்கொண்டாயா? இல்லை. பழைய ஸ்டேஷன் இருந்த திடலில், அதை ஒட்டிய நம் தென்னந்தோப்பில் குறித்திருக்கிறாய். ரயில்வேக்காரன் ஸ்டேஷனுக்குத் தேடிப் பிடித்த அதே மேடு. ஆக உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்திருந்தால் நான் தலையில் அடித்துக்கொண்டு உன்னைக் காப்பாற்ற ஓடி வந்திருப்பேன். தெரிந்து செய்தவனிடம் என்ன பேசுவது?

நான் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். “நீங்க வாயால சொன்னீங்க, அவன் அட்டையில அடிச்சிருக்கான். அவன மட்டும் ஏன் திட்டுறீங்க?” என்றாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துச் சொன்னதை விரல் விட்டு எண்ணிவிடலாம். மறுநாள் பெட்டியைத் திறந்து அந்த மனுவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன்.

பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிலை வைக்கிற நாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ரயில் ஏன் வளைந்தது, பாலத்துக்கு ஏன் மூன்று கண், அன்றைக்கு நான் ஏன் கதை அளந்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுக்கம்மா என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. கையிலிருந்த முட்டையை முழுக்க உரித்து முடித்து, அதை ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“தம்பி நோட்டீச நான் படிக்கவே இல்லைங்க ஐயா. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்.”

அடுத்த முட்டையை எடுத்துத் தரையில் தட்டினாள். நான் வெளியே வந்து, வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். உன்னிடம் இத்தனை கத்துகிறேனே, அவள் சொன்ன அந்த வார்த்தையில் உன் பங்கு பாதிகூட இல்லை. உன் விளம்பரத்தை ஒருத்தரும் நம்பவில்லை. என்னை நம்பினார்கள்.

அதனால் சில காரியங்கள் செய்துவிட்டேன், கேட்டுக்கொள். நண்டுப்பள்ளத்துக்கு நான் உனக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை நேற்று ரத்து செய்துவிட்டேன். ஸ்டேஷன் திடலில் நம் தோப்பு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. இன்று காலை பழைய ஆள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே டேப் பிடித்து, பள்ளத்து மனைக்கு மாற்றாகக் குடும்பத்துக்கு ஒன்று என்று பதினொன்றாகப் பிரித்தேன். நடுவில் பாதை விட்டு, மூலைக்கு மூலை கல் நட்டாயிற்று. உன் போர்ட்டிகோ வரவேண்டிய இடத்தில் கலாவின் மனை. பள்ளத்தில் எழுப்பிய அவள் அஸ்திவாரத்தைத் திடலில் மறுபடி எழுப்பித் தருவது உன் பொறுப்பு, அதில் பேச்சே கிடையாது. தென்னை பதினாறு வெட்ட வேண்டியிருக்கிறது. உன் அம்மா நட்டவை. அவளே சரி என்றுவிட்டாள்.

விழாவுக்கு முதல் நாள் பாலத்தின் இரண்டு கண்ணிலும் உள்ள மண்ணை எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். ஜேசிபி உன் ஒருவனிடம்தான் இருக்கிறது என்று நினைக்காதே. உன் ஆர்ச் அதோடு சேர்ந்து சரிந்தால் சரியட்டும், அந்த ரயில் பொம்மையை மட்டும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்கிறேன், பேரனுக்கு ஆகும்.

எனக்குப் பிறகு உனக்கு என்ன மிச்சம் என்று நீ கேட்பாய். வீடு உன் அம்மாவுக்கு. திடல் போயிற்று. நண்டுப்பள்ளம் உனக்கு, முழுசாக, ஒரு குழி குறையாமல். உன் கொள்ளுத்தாத்தா அதை ரயில் தலையில் கட்டப் பார்த்தார், நீ பதினோரு குடும்பத்தின் தலையில் கட்டினாய். அது சுற்றிச் சுற்றி நம் தலைக்கே வருகிறது, இந்தத் தடவை இறக்கி வைக்க இடமில்லை. மடுமுழுங்கி விதை கொஞ்சம் நம் பத்தாயத்தில் இருக்கிறது. கொட்டின கிராவலை அள்ளிவிட்டு அதை விதைத்துப் பார். விளைந்தால் சாப்பிடு.

விழாவை நிறுத்தாதே. அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, எல்லோரும் வரட்டும். உன் மாமனாரும் வரட்டும், அவருக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கார் அனுப்பாதே, ரயில் கரை வழியாக நடந்தே வருவேன். நீ ஆசைப்பட்டபடி தலைமை நான்தான், மைக்கில் அந்த ரயில் கதையைச் சொல்லப்போவதும் நான்தான். மனுவும் பதிலும் என் சட்டைப்பையில் இருக்கும். முன்வரிசையில் நடு நாற்காலியைக் கலாவுக்குப் போட்டு வை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் அதைச் சொல்ல வேண்டும். நீ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்.

இப்படிக்கு,
உன் அப்பா